ராத்திரி இருமலும் ரத்தக் கவுன்ட்டும்

மொத்த வெள்ளணுக்கள் 22,400. நியூட்ரோஃபில் 28, லிம்ஃபோசைட் 12, ஈசினோபில் 58, மோனோசைட் 2. ஹீமோகுளோபின் 13.4. தட்டணுக்கள் 2.9 லட்சம்.

இப்படி ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 32 வயது ஆண், சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். இது யாரோ ஒருவரின் தனிக்கதை அல்ல. காவிரிப் படுகையிலும் வேலூர்ப் பக்கமும் மருத்துவர்கள் பல தலைமுறைகளாகப் பார்த்துவந்த நோயாளியின் மாதிரி வடிவம். பகலில் ஆள் வேலைக்குப் போய் வருவார். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு இருமல் கிளம்பும். படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நெஞ்சில் விசில் சத்தம். வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது. சாயங்காலங்களில் லேசான காய்ச்சல், மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடைக் குறைவு. முதலில் இருமல் சிரப். பிறகு ஆன்டிபயாட்டிக், அது முடிந்ததும் இன்னொன்று. ‘வீசிங்’ என்று நெபுலைசர், அப்புறம் பஃப். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் பொடிப் பொடிப் புள்ளிகள். காசநோயோ என்று சளியைச் சோதித்தால் கிருமி இல்லை. ஆனாலும் ‘எதற்கும் டி.பி. மாத்திரையை ஆரம்பித்துப் பார்க்கலாமா’ என்ற பேச்சு அதற்குள் வந்திருக்கும்.

அந்த ரிப்போர்ட்டின் முதல் எண்ணையும் ஈசினோபில் எண்ணையும் சேர்த்துப் படித்தால் வழி தெரிகிறது. 22,400ல் 58 சதவீதம் என்றால் 12,992. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 13,000 ஈசினோபில்கள். நல்ல உடம்பில் 500க்குள் இருக்க வேண்டியவை இவை. சாதாரண ஆஸ்துமாவில் இந்த எண் இவ்வளவு உயரம் போகாது. காசநோயிலும் பொதுவாகப் போகாது. இரவு இருமல், யானைக்கால் நோய்க்குப் பேர்போன வட்டாரம், இந்த எண் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது மருத்துவரின் மனதில் வர வேண்டிய பெயர் ஒன்று உண்டு: வெப்பமண்டல நுரையீரல் ஈசினோபிலியா. யானைக்கால் நோயைத் தரும் அதே புழு, காலைத் தொடாமல் நுரையீரலில் நடத்தும் கலவரம் அது.

சரியான மருந்தைத் தொடங்கினால் இந்த மனிதர் சில நாட்களில் தூங்க ஆரம்பித்துவிடுவார். எண்ணைப் படிக்கத் தவறினால் வருடக் கணக்கில் பஃப் இழுத்துக்கொண்டிருப்பார், உள்ளே நுரையீரல் தழும்பாகிக்கொண்டிருக்கும். ஒரு கவுன்ட்டைச் சரியாகப் படிப்பதில் இவ்வளவு இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எட்டு சதவீதமும் எண்ணூறும்

இதற்கு நேர் எதிரான கோலமும் நம் ஊரில்தான் நடக்கிறது. ‘எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு’ என்று சொல்கிறவர் இல்லாத தெரு கிடையாது. காலையில் நாலு தும்மல், தோலில் அரிப்பு, தொண்டையில் கரகரப்பு, எல்லாவற்றுக்கும் அதே பெயர். கையிலிருக்கும் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் ஈசினோபில் 8 என்று இருக்கும். பக்கத்தில் லேப் அச்சடித்த இயல்பு அளவு 1 முதல் 6. எட்டு அதைத் தாண்டியதால் கம்ப்யூட்டர் தானாகவே தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று குறித்திருக்கும். மேலே பார்த்தால் மொத்த வெள்ளணுக்கள் 6,000. அதில் எட்டு சதவீதம் 480. இயல்பு எல்லைக்குள் இருக்கும் எண் அது. ஆனால் மனிதர் அதைப் பத்து வருடமாக நோயென்று சுமந்துகொண்டிருப்பார்.

ஐம்பது பேர் கூடிய இடத்தில் நான்கு போலீஸ்காரர்கள் நின்றாலும், ஐயாயிரம் பேர் கூடிய திருவிழாவில் நானூறு பேர் நின்றாலும் கணக்கு ஒரே எட்டு சதவீதம்தான். முதலாவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டாவதைப் பார்த்தால் ஊரே என்னவோ ஏதோ என்று விசாரிக்கும்.

தலைகீழாகவும் ஏமாறலாம். மொத்தம் 14,000, ஈசினோபில் 6 சதவீதம் என்று வந்தால், 6 என்பது எல்லைக்குள் இருப்பதால் கம்ப்யூட்டர் ஒன்றையும் குறிக்காது. பெருக்கிப் பார்த்தால் 840. அது உயர்ந்த எண்தான்.

ஆகவே ஈசினோபிலைச் சதவீதத்தில் படிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மொத்த எண்ணை அதன் சதவீதத்தோடு பெருக்க வேண்டும். கைபேசியில் பத்து விநாடி வேலை. இப்போது பல லேப்கள் இந்தப் பெருக்கலைத் தாங்களே செய்து ‘ஏ.இ.சி.’ என்று தனி வரியில் தருகின்றன. 500 முதல் 1,500 வரை லேசான உயர்வு. அலர்ஜி, ஆஸ்துமா, குடல்புழு என்று பெரும்பாலானவை இங்கே அடங்கும். 1,500 முதல் 5,000 வரை காரணம் தேடியே தீர வேண்டிய கட்டம். 5,000ஐத் தாண்டினால் கடுமையானது. அங்கே தாமதத்துக்கு இடமில்லை. 1,500க்கு மேல் மாதக் கணக்கில் நீடித்தால் அந்தச் செல்களே இதயத் தசையைக் கூடக் கெடுக்கும் என்பதால், காரணம் எதுவானாலும் இதயத்தை ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்த ரத்தம் எந்திரத்துக்குள் போகிறது. மின்னோட்டம் பாயும் ஒரு நுண்துளை வழியே செல்கள் ஒவ்வொன்றாக நழுவும்போது ஏற்படும் தடையை எண்ணும் முறைக்கு 1953ல் வாலஸ் கூல்ட்டர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்றைய எந்திரங்களும் அந்த வழியில் வந்தவைதான். அவற்றில் சிறிய லேப்கள் வாங்குவது பெரும்பாலும் ‘த்ரீ பார்ட்’ எந்திரம். அது வெள்ளணுக்களை மூன்றாகத்தான் பிரிக்கும்: நியூட்ரோஃபில் வகை, லிம்ஃபோசைட், நடுவில் ‘மிட்’ என்று ஒரு கூட்டு. மோனோசைட், ஈசினோபில், பேசோஃபில் மூன்றும் அந்த ‘மிட்’டுக்குள் ஒன்றாகக் கிடக்கும். அந்த எந்திரம் மட்டுமே உள்ள இடத்திலிருந்து ஈசினோபில் எண் சரியாக வர வேண்டுமானால், டெக்னீஷியன் ஸ்லைடில் ரத்தத்தைத் தேய்த்து, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் நூறு செல்களையாவது எண்ணியிருக்க வேண்டும். எண்ணினார்களா என்று கேட்பது தவறே இல்லை.

எண்ணினால் இந்தச் செல்லைத் தவறவிட முடியாது. பக்கத்திலிருக்கும் நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நான்கு துண்டுகளாக இருக்க, இதன் உட்கரு இரண்டே மடலாக, மூக்குக்கண்ணாடி வடிவில் இருக்கும். மீதி இடம் முழுக்கச் செம்மஞ்சள் நிறத்தில் தடித்த குருணைகள். ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிச் 1879ல் இயோசின் சாயத்தைக் கொண்டு இதை அடையாளம் கண்டார். புழுக்களைத் தாக்குவதற்கான நச்சுப் புரதங்கள் அந்தக் குருணைகளில்தான் இருக்கின்றன. அதே புரதங்கள் மூச்சுக்குழாயின் உட்சுவரில் கொட்டினால் அங்கே புண், வீக்கம், இருமல்.

காசநோய் இல்லாத காசநோயாளிகள்

மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் என்ற ஊரில் 1912ல் காசநோய்க்கெனத் தொடங்கிய ஒரு மருத்துவமனை இருக்கிறது. அன்றைக்கு அது மெட்ராஸ் மாகாணம், சித்தூர் மாவட்டம். தென்னிந்தியா முழுவதிலுமிருந்து நோயாளிகள் அங்கே அனுப்பப்பட்டார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலர் அதன் தலைவர். அங்கே ஒரு வகை நோயாளிகள் அவரைக் குழப்பினார்கள். இருமல் இருக்கும், எக்ஸ்ரேயில் புள்ளிகள் இருக்கும், மெலிந்திருப்பார்கள். சளியில் மட்டும் காசநோய்க் கிருமி இருக்காது. ரத்தத்தைப் பார்த்தால் ஈசினோபில்கள் குவிந்திருக்கும். 1940ல் அவரும் பார்ட்டனும் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’டில் இதைக் காசநோய்போல வேடமிடும் தனி நிலை என்று எழுதினார்கள்.

இந்த இடம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஸ்கேன் கிடையாது, ஆன்டிபாடி சோதனை கிடையாது. மைக்ரோஸ்கோப், ஸ்லைடு, எண்ணும் பொறுமை, இவை மட்டும். காசநோய்க்கென்றே கட்டிய மருத்துவமனைக்குள் உட்கார்ந்துகொண்டு, ‘இவருக்குக் காசநோய் இல்லை’ என்று சொல்லும் துணிவு ஒரு ரத்தக் கவுன்ட்டிலிருந்து வந்திருக்கிறது.

1943ல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இந்தியாவில் தான் பார்த்த 81 நோயாளிகளைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதி, ‘வெப்பமண்டல ஈசினோபிலியா’ என்று பெயரிட்டார். அன்று மேகநோய்க்குப் போட்டுவந்த ஆர்சனிக் கலந்த ஊசியில் இவர்கள் குணமாவதையும் அவர் பதிவு செய்தார். நோய்க்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் மருந்து வேலை செய்தது. 1947ல் யானைக்கால் புழுவுக்கு எதிராக டையெத்தில்கார்பமசைன் வந்தது. நம் ஊரில் டி.இ.சி. என்றும், பழையவர்கள் ‘ஹெட்ரசான்’ என்றும் சொல்லும் மாத்திரை. அதைக் கொடுத்தபோதும் இந்த இருமல் அடங்கியது. புழுமருந்தில் அடங்கும் இருமல் என்றால் உள்ளே புழு இருக்க வேண்டுமே? ஆனால் ரத்தத்தில் தேடினால் ஒரு புழுக்குஞ்சும் அகப்படவில்லை.

1958ல் பக்லி என்ற புழுவியல் அறிஞர், விலங்குகளிடமிருந்து எடுத்த யானைக்கால் வகைப் புழுக்களின் இளம்பருவத்தை, தானாக முன்வந்த மனித உடலில் செலுத்திப் பார்த்தார். அதே இருமல், அதே ஈசினோபில் உயர்வு வந்தது. நேரடிச் சாட்சி கிடைத்தது வேலூரில். சி.எம்.சி. மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் ஜான் வெப், நோய்க்குறியியல் நிபுணர்கள் சி.கே. ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் நுரையீரலிலும் கல்லீரலிலும் நிணநீர்க் கட்டியிலும் எடுத்த திசுத் துணுக்குகளை வெட்டிப் பார்த்தார்கள். அழிந்துகொண்டிருக்கும் நுண்புழுக்கள் அங்கே கிடந்தன, அவற்றைச் சுற்றி ஈசினோபில்கள் மொய்த்திருந்தன. 1960ல் ‘லான்செட்’டில் அது வெளியானது. சில ஆண்டுகள் கழித்து, 1966ல், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் டீன் டி.ஜே. தனராஜும், சிங்கப்பூரில் நோய்க்குறியியல் துறையை வளர்த்தெடுத்த சண்முகரத்தினமும், அவர்களோடு சேர்ந்த ஆய்வாளர்களும் நுரையீரல் திசுவில் அதையே உறுதி செய்தார்கள். அந்தச் சண்முகரத்தினம், இன்றைய சிங்கப்பூர் அதிபர் தர்மனின் தந்தை. சிங்கப்பூரில் இந்த நோய் பெரும்பாலும் இந்திய வம்சாவளியினரிடம்தான் காணப்பட்டது.

ராத்திரி ரத்தத்தில் ஏன் இல்லை?

யானைக்கால் ஒழிப்புப் பணியாளர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். சாக்கடைத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரத்தைக் கணித்தாற்போல, நுண்புழுக்கள் இரவில்தான் வெளி ரத்த ஓட்டத்துக்கு வரும். புழுவைச் சுமக்கும் பெரும்பாலானோர் உடம்பு அதோடு ஒருவித சமாதானம் செய்துகொண்டு வாழ்கிறது. மிகச் சிலருடைய உடம்பு சமாதானத்துக்கு ஒப்புக்கொள்வதில்லை. எதிர்ப்புப் புரதங்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. நுண்புழுக்கள் நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கடக்கும்போதே அங்கே சிறைபட்டு அழிகின்றன. அதனால்தான் ராத்திரி ரத்தம் சுத்தமாக இருக்கிறது, நுரையீரல் எரிகிறது. ‘யானைக்கால் டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை, அதனால் இது அந்த நோய் இல்லை’ என்று சொல்வது இந்தக் காரணத்தால்தான் தவறாகிப்போகிறது.

எரிச்சல் எவ்வளவு என்பதைச் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி.கே. விஜயன் போன்றோர், அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1980களில் அளந்தார்கள். நோயாளிகளின் நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்த திரவத்தில், செல்களில் ஏறக்குறைய பாதி ஈசினோபில்கள். நல்ல நுரையீரலில் அந்தத் திரவத்தில் ஈசினோபில் கிடைப்பதே அரிது. மருந்து கொடுத்த இரண்டு வாரத்துக்குள் அது சரசரவென்று இறங்கியது. அதே குழுவினர் பின்னாளில் இன்னொன்றையும் காட்டினார்கள். சிலரிடம் சிகிச்சை முடிந்த பிறகும் சிறு அளவில் அழற்சி தங்கிவிடுகிறது, அதுதான் காலப்போக்கில் நுரையீரலைத் தடிக்கச் செய்கிறது.

நோயை உறுதி செய்ய மருத்துவர்கள் பார்ப்பது: நோய் பரவிய வட்டாரத்தில் வாழ்ந்த வரலாறு, இரவு இருமலும் இளைப்பும், ஒரு மைக்ரோலிட்டரில் 3,000க்கு மேல் ஈசினோபில், ஐ.ஜி.இ. என்ற புரதம் 1,000 யூனிட்டுக்கு மேல், யானைக்கால் புழுவுக்கான ஆன்டிபாடி மிகுதி, வேறு புழுத்தொற்று இல்லை என்ற தெளிவு, கடைசியாக மருந்துக்கு உடம்பு ஒப்புவது. மருந்து அதே டி.இ.சி.தான்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் கணக்கில், மூன்று வேளையாகப் பிரித்து, மூன்று வாரம். முதல் சில நாட்களில் குமட்டல், தலைசுற்றல், காய்ச்சல் வரலாம். ஐந்தில் ஒருவருக்கு மறுபடி வரக்கூடும் என்பதால் கவுன்ட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். எட்டு சதவீதம் என்று தடித்த எழுத்தில் வந்த ரிப்போர்ட்டை நீட்டி, ‘சார், ஈஸ்னோபீலியா மாத்திரை ஒரு கோர்ஸ் கொடுங்க’ என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதற்கான மருந்து இது இல்லை.

வேறு வாசல்கள்

கவுன்ட் உயர்ந்திருக்கிறது, இருமலும் இருக்கிறது என்பதற்காக எல்லாமே யானைக்கால் புழு ஆகிவிடாது. உருண்டைப்புழு முட்டை வயிற்றுக்குள் போனால், அதன் இளம்புழு நுரையீரல் வழியாகப் பயணம் செய்துதான் குடலுக்குத் திரும்பும். அந்தச் சில நாட்கள் இருமலும் ஈசினோபில் உயர்வும் வந்து, தானாகவே மறையும். சுவிட்சர்லாந்தின் லோஃப்ளர் 1932ல் எழுதி வைத்தது இதைத்தான். பல வருட ஆஸ்துமாக்காரர் பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி துப்பினால், மூச்சுக்குழாயில் குடியேறிய ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சைக்கு எதிரான ஒவ்வாமையைத் தேட வேண்டும். ஆஸ்துமாவோடு பாதம் மரத்துப்போவது, காலைத் தூக்கி வைக்க முடியாமல் தொங்கிப்போவது என்று வந்தால் அது ரத்தக் குழாய் அழற்சி; 1951ல் சர்க், ஸ்ட்ராஸ் இருவரும் விவரித்தது. வலிப்பு மாத்திரையோ சல்ஃபா மாத்திரையோ புதிதாகத் தொடங்கிய சில வாரங்களில் முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, காய்ச்சலோடு ஈசினோபில் ஏறினால் அந்த மருந்துதான் எதிரி. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். கழுத்தில் கட்டியும் எடை இழப்பும் சேர்ந்தால் நிணநீர்ப் புற்று வரை யோசிக்க வேண்டும்.

இவற்றில் நான் அதிகம் கவலைப்படுவது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற சிறு புழுவைப் பற்றி. ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடக்கிறவரின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வேறு குடல்புழுக்களைப்போல வெளியே போய்த் திரும்ப வர வேண்டியதில்லை. உடம்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, முப்பது நாற்பது வருடம் கூடத் தங்கும். அடையாளமாக ஈசினோபில் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்கும், எப்போதாவது இருமல் வரும். இவரை ஆஸ்துமா என்று நினைத்து ஸ்டீராய்டு மாத்திரையை நாள்கணக்கில் கொடுத்தால் புழுக்கள் கட்டவிழ்ந்து நுரையீரல், குடல், மூளை என்று எங்கும் பரவும். உயிர் போகும் அபாயம் அது. டி.இ.சி. இதற்குப் பயன்படாது, ஐவர்மெக்டின்தான் மருந்து. வயல் வேலை செய்தவர், ஈசினோபில் உயர்ந்திருப்பவர் என்றால் நீண்ட ஸ்டீராய்டுக்கு முன் இந்தப் புழுவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

ஊசி போட்ட மறுநாள்

மூச்சுத் திணறலோடு போனால் நம் ஊரில் முதலில் ஒரு ஊசி. பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். அவசரத்தில் அது உயிர் காக்கும் மருந்துதான், சந்தேகமில்லை. பிரச்சினை, அதற்குப் பிறகு எடுக்கும் கவுன்ட்டில்.

ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்தில் ஈசினோபில்கள் ரத்தத்திலிருந்து காணாமல் போய்விடும். இது எவ்வளவு நம்பகமானது என்றால், 1948ல் ஜார்ஜ் தார்ன் இதையே ஒரு சோதனையாக்கினார். அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனை ஊசி மூலம் செலுத்தி, நாலு மணி நேரத்தில் ஈசினோபில் பாதியாகக் குறைந்தால் சுரப்பி நலமாக இருக்கிறது என்று கொள்வார்கள். அதே நேரத்தில், ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கிடந்த நியூட்ரோஃபில்களை ஸ்டீராய்டு ஓட்டத்துக்குள் இழுத்துவிடும்.

ஆக, திங்கட்கிழமை 14,000 வெள்ளணு, ஈசினோபில் 40 என்று வந்திருக்க வேண்டிய அதே மனிதருக்கு, ஊசி போட்ட செவ்வாய்க்கிழமை 16,000, நியூட்ரோஃபில் 88, ஈசினோபில் 0 என்று வரும். பார்ப்பவர் கண்ணுக்கு அது அப்பட்டமான பாக்டீரியா தொற்று. இன்னொரு ஆன்டிபயாட்டிக் எழுதப்படும். இருமல் நாலு நாள் அடங்கி, ஸ்டீராய்டின் வேகம் குறைந்ததும் திரும்ப வரும். இந்தச் சுற்றிலேயே வருடங்கள் போய்விடுகின்றன. கவுன்ட்டுக்கான ரத்தத்தை ஊசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள் என்று கேட்கலாம். ஆபத்தான நிலையில் ஊசிதான் முதலில். அப்படிப் போட்டுவிட்டால், என்ன ஊசி, எப்போது போட்டது என்று ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

ஈசினோபில் ராத்திரியில் கூடி, காலையில் குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். உடம்பே சுரக்கும் கார்ட்டிசால் காலையில் அதிகம். 480, 560 என்று இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தில் ஒன்றும் இல்லை.

ரிப்போர்ட்டின் மற்ற வரிகள்

ஈசினோபிலைத் தேடும் அவசரத்தில் மற்ற வரிகளை விட்டுவிடக் கூடாது. காய்ச்சல், சளி, நெஞ்சு வலியோடு 18,000 வெள்ளணு, நியூட்ரோஃபில் 85 என்றால் நிமோனியா என்று பலரும் ஊகிப்பார்கள். ஆனால் அதே அறிகுறிகளோடு கவுன்ட் 3,200 என்று வந்தால் ‘கவுன்ட் ஏறவே இல்லையே’ என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. அது நிம்மதிக்கான எண் அல்ல. தொற்றினால் வெள்ளணு 4,000க்குக் கீழே விழுவதையும், தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போவதையும், நிமோனியா கடுமையாகிவிட்டதற்கான அடையாளங்களுக்குள் அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் 2007 வழிகாட்டி சேர்த்திருக்கிறது. போர் தொடுக்க ஆளில்லாமல் எலும்பு மஜ்ஜை திணறுகிறது என்று பொருள்.

கைக்குழந்தை மூச்சு விடாமல் தொடர்ந்து இருமி நீலம் பாரிக்கிறது, கவுன்ட்டில் வெள்ளணு 40,000, அதில் முக்கால்வாசி லிம்ஃபோசைட் என்றால் கக்குவான் இருமல். அந்தக் கிருமியின் நஞ்சு லிம்ஃபோசைட்டுகளை ரத்தத்தைவிட்டு வெளியேற விடாமல் பூட்டி வைக்கிறது. இந்த எண் ஒரு லட்சத்தை நெருங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தடுப்பூசி போடாத, போட வயது வராத குழந்தைகளிடம்தான் இது கொடூரமாக வருகிறது.

பெண்களின் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்க்கும் வரி ஹீமோகுளோபின். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வீசிங் மருந்து வாங்கிக்கொண்டிருப்பவருக்கு ஹீமோகுளோபின் 6 என்று இருக்கும். அவருக்கு வேண்டியது பஃப் அல்ல. இரும்புச்சத்தும், ரத்தம் எங்கே போகிறது என்ற தேடலும். இன்னொரு பக்கம், பல வருடம் புகைத்தவரின் ஹீமோகுளோபின் 18ஐத் தாண்டியிருந்தால், ஆக்சிஜன் போதாத உடம்பு கூடுதல் சிவப்பணுவைத் தயாரிக்கிறது என்று கொள்ளலாம். இப்படிப் புகைத்து நுரையீரல் கெட்டவர்களுக்கு ஈசினோபில் வேறு விதத்தில் பயன்படுகிறது: இழுக்கும் ஸ்டீராய்டு இவருக்குப் பலன் தருமா என்று தீர்மானிக்க, 300க்கு மேல் இருந்தால் தரும், 100க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தராது என்று உலகளாவிய வழிகாட்டிகள் சொல்கின்றன. இயல்பு எல்லைக்குள் இருக்கும் எண்ணுக்கும் வேலை இருக்கிறது.

காசநோயைப் பற்றி ஒன்று. அதில் கவுன்ட் முற்றிலும் இயல்பாக இருக்கலாம். ‘பிளட் டெஸ்ட் நார்மல், அதனால் டி.பி. இல்லை’ என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை; அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். கவுன்ட்டில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: வெள்ளணு 80,000 என்று ஏறி, ஹீமோகுளோபினும் தட்டணுவும் சேர்ந்து இறங்கியிருந்தால் அன்றைக்கே ரத்தநோய் நிபுணர் ஸ்லைடைப் பார்க்க வேண்டும்.

கடல் கடந்த இருமல்

இலங்கை 2016ல் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது. இந்தியாவில் 2004 முதல் நாடு தழுவிய மாத்திரை வழங்கல் நடந்து, தமிழ்நாட்டிலும் நோய் பெருமளவு குறைந்துவிட்டது. மனம் நிறைகிற செய்தி. ஆனால் அதோடு, வெப்பமண்டல நுரையீரல் ஈசினோபிலியாவைப் பார்த்துப் பழகிய கண்களும் குறைந்துவருகின்றன. இன்று படித்து வெளிவரும் இளம் மருத்துவர் பலருக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. நோய் அரிதாகும்போதுதான் தவறவிடும் வாய்ப்பு கூடுகிறது.

வெளிநாட்டில் இது இன்னும் கடினம். கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள் 2004ல் தங்களிடம் வந்த இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் சொல்லப்பட்டது ஆஸ்துமா. பல மருத்துவர்களைத் தாண்டித்தான் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆஸ்துமா என்று எழுதிய மருத்துவரைக் குறை சொல்வதற்கில்லை. பனி பெய்யும் ஊரில் யானைக்கால் கொசு யார் நினைவுக்கும் வராது. ஊரைவிட்டுப் போன பிறகும் புழு பல வருடம் உடம்பில் வாழும் என்பதுதான் இங்கே சங்கதி.

டொராண்டோவிலோ லண்டனிலோ துபாயிலோ இருக்கும் நம்மவர் ஒருவருக்கு மாதக் கணக்கில் இரவு இருமல் என்றால், பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் தேதிவாரியாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். மொத்த வெள்ளணுவையும் ஈசினோபில் சதவீதத்தையும் பெருக்கி, ஒவ்வொன்றின் மேலும் அந்த எண்ணை எழுதி வைக்க வேண்டும். எந்தத் தேதியில் ஸ்டீராய்டு எடுத்தார் என்பதும் வேண்டும். பிறகு, கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது: எந்த ஊரில் பிறந்து வளர்ந்தார், எத்தனை வருடம் அங்கே இருந்தார், கடைசியாக எப்போது போய்வந்தார், அந்த ஊரில் யாருக்காவது யானைக்கால் இருந்ததா.